போர்டு இல்ல சார், சைக்கிள்தான்

எட்டு மாதமாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, சிக்கலே அதுதான். பொய் சொல்லியிருந்தால் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். உண்மையைச் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமலேயே இத்தனை நாள் ஓடிவிட்டது.

இடம் எது என்று சொல்ல மாட்டேன். ஸ்கேட்போர்டு, அதாவது நான்கு சக்கரம் வைத்த பலகை, ஓட்டுகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் கஞ்சத்தனம் உண்டு, நல்ல தரை கிடைத்தால் ஊருக்குச் சொல்ல மாட்டோம். தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்தின் முன்னால் இரண்டு கிரிக்கெட் பிட்ச் அகலத்துக்கு வழவழப்பான தரை, மூன்று படி, சுவரோரமாக நான்கு கிரானைட் பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டடம் பூட்டியிருக்கும். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மிதித்து மிதித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடக்கும். ஸ்கேட்போர்டு சக்கரம் 52, 54 மில்லிமீட்டர் விட்டம்தான், அதுவும் கல் மாதிரி கெட்டியான யூரித்தேன். ஒரு சின்ன ஜல்லி மாட்டினால் போதும், போர்டு அங்கேயே நின்றுவிடும், நாம் மட்டும் முன்னால் போவோம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது ஸ்டேஷன் வாசல்களின் தரையைப் பார்த்து எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது உண்மை. ஆனால் அது ஜனங்கள் பையும் பிள்ளையுமாக நடக்கிற இடம். அங்கே போர்டைக் கீழே வைக்க எனக்கே மனசு வராது.

நான் 29 வயதில் போர்டு வாங்கியவன், இப்போது 36. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. ஸ்கேட்டிங் போகிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வட்டமடிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான். அதுவும் நியாயம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ரிலேயில் வெண்கலம் வாங்கிய இந்திய அணிகளில் சென்னைப் பிள்ளைகள் இருந்தார்கள், இங்கே தெரிந்த ஸ்கேட்டிங் அதுதான். பலகை மேல் ஏறி நின்று விழுந்து விழுந்து எழும் நடுவயது ஆளுக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. என் மாமியார் மட்டும் "பலகை வித்தை" என்பார்.

எங்கள் கூட்டத்தில் ஆறேழு பேர். இரண்டு பேர் ஐடி, மற்றவர்கள் கல்லூரிப் பையன்கள். நாங்கள் போக ஆரம்பித்து ஆறு மாதம் கழித்துத்தான் சைக்கிள்கள் வந்தன. காசிமேட்டுப் பக்கத்துப் பையன்கள், பதினைந்திலிருந்து பதினேழு வயதுக்குள் நாலைந்து பேர். பிஎம்எக்ஸ், அதாவது வித்தை காட்ட ஓட்டும் சின்னச் சக்கர சைக்கிள், என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அசல் பிஎம்எக்ஸ் ஒன்றே ஒன்று, மஞ்சள் நிறம், மூன்றாம் கையாக வாங்கியது. அதை ஓட்டியவனையும் நாங்கள் மஞ்சள் சைக்கிள் என்றே கூப்பிட்டோம். மற்றவை 20 இன்ச் சிறுவர் சைக்கிள்கள். ஹாண்டில்பாரை மாற்றி, சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, கொருக்குப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய இரும்புப் பெக்கை அச்சின் இரு பக்கமும் மாட்டியிருந்தார்கள். பெக் என்பது சக்கர அச்சிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் குழாய்த் துண்டு. அதை வைத்துத்தான் சைக்கிள்காரர்கள் பெஞ்சு விளிம்பில் ஏறிச் சறுக்குவார்கள். மஞ்சள் சைக்கிளுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. பள்ளி நாட்களில் பின் பெக்குகளில் தம்பியை நிற்கவைத்து, தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவான். ஒருமுறை டோல்கேட் பக்கம் பார்த்திருக்கிறேன். புத்தகப் பையோடு அந்தச் சின்னவன் தேர் மேல் நிற்கிற சாமி மாதிரி நின்றுகொண்டு போனான்.

மெழுகும் இரும்பும்

வெளியிலிருந்து பார்த்தால் இது பொடிப் பையன்களின் கெத்துச் சண்டை. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், சண்டைக்குக் காரணம் நிஜமாகவே இருக்கிறது. போர்டு மொத்தம் மூன்று கிலோ சொச்சம். அடியில் சக்கரங்களைத் தாங்கும் அச்சுப் பகுதியான டிரக் அலுமினியம், கிரானைட்டில் உரசினால் பெரும்பாலும் டிரக்தான் தேயும். சைக்கிள் பத்துப் பதினொரு கிலோ, மேலே ஒரு பையன், இரண்டு பாரமும் சேர்ந்து ஒரு இரும்புக் குழாயின் விளிம்பில் வந்து இறங்குகிறது. கிரானைட் உறுதியான கல்தான், ஆனால் ஓரத்தில் அடி வாங்கினால் சில்லு சில்லாகப் பெயரும். ஒரு இடத்தில் பெயர்ந்துவிட்டால் போர்டுக்காரனுக்கு அந்த பெஞ்சே போச்சு, சறுக்கிக்கொண்டு வரும்போது அந்தப் பள்ளத்தில் மாட்டி முகம் பெயரும்.

நாங்கள் மட்டும் என்ன சுத்தமா? விளிம்பு வழுக்குவதற்காக மெழுகு தேய்ப்போம். ராயபுரம் சர்ச் வாசலில் வாங்கின மெழுகுவர்த்தி, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்ற நம்பிக்கையில். அந்த மெழுகு தரையில் உதிர்ந்து சைக்கிள் டயரில் ஒட்டினால் திருப்பத்தில் சைக்கிள் காலை வாரிவிடும். மெழுகில் அழுக்கு சேர்ந்து பெஞ்சு விளிம்பு முழுக்கக் கறுத்துப்போகும். காலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவர் வெள்ளை வேட்டியோடு அதில் உட்கார்ந்து எழுந்ததை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபத்தும் ஒருதலையானது இல்லை. போர்டில் பக்கவாட்டில்தான் நிற்கிறோம். இடது காலை முன்னால் வைப்பவனுக்கு வலப்பக்கம் தெரியும், முதுகுப் பக்கம் குருடு. நாங்கள் ஒரு தள்ளு தள்ளி, ஒரு ட்ரிக் போட்டு, விழுந்து, போர்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்து வருவோம். சைக்கிள்காரன் நிற்கவே மாட்டான், பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பான். தெருவில் ஓட்டும் பிஎம்எக்ஸ் பையன்கள் பலர் பிரேக்கே வைத்துக்கொள்வதில்லை, செருப்புக் காலை டயரில் அழுத்தி நிறுத்துவார்கள். இதை வைத்து அவர்களை நிறையத் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் மஞ்சள் சைக்கிள்தான் சொன்னான்: "ண்ணா, எங்களுக்குப் பயமே உங்க போர்டுதாண்ணா. நீங்க கீழ குதிச்சிர்றீங்க, அது தனியா ஓடியாந்து டயர்ல மாட்டுது. எந்தப் பக்கம் வரும்னே தெர்ல." அது வரைக்கும் எனக்கு அது தோன்றியதே இல்லை. கால் நழுவியதும் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும் என் போர்டை நான் எப்போதும் என் பிரச்சினையாகத்தான் நினைத்திருந்தேன்.

இந்தச் சண்டையின் ஊர் கலிபோர்னியா. இரண்டு ஆட்டமும் வளர்ந்ததே அங்கேதான். 1970களின் கடைசியில் பாப் ஹாரோ போன்றவர்கள் ஸ்கேட்போர்டுக்காகக் கட்டிய குழிகளில் சைக்கிளை இறக்கித்தான் ஃப்ரீஸ்டைல் என்ற சைக்கிள் வித்தையே உருவானது. விருந்தாளியாக வந்தவனுக்கும் வீட்டுக்காரனுக்கும் உள்ள மனத்தாங்கல் அன்றே தொடங்கியிருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டும் பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைலும் ஒன்றாக அறிமுகமாயின, 2021இல் அரியாகே என்ற ஒரே வளாகத்தில் நடந்தன. 2024இல் பாரிஸிலும் இரண்டுக்கும் கான்கார்ட் சதுக்கம்தான். ஆனால் தரை வேறு வேறு. ஒலிம்பிக்காரர்களே ஒரே பெஞ்சில் இரண்டு பேரையும் விடவில்லை என்று நான் பையன்களிடம் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன். லண்டனில் தேம்ஸ் கரையோரம் சவுத்பேங்க் அடித்தளத்தைக் கடைகளுக்காக எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது போர்டுக்காரர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து நின்று, 2014இல் அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னதில்லை.

ஒரே மைதானம், ஏழு மேட்ச்

இத்தனைக்கும் இடத்தைப் பங்குபோட எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வடசென்னையில் வளர்ந்த எவனும் மைதானத்தில் தனியாக ஆடியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே மைதானத்தில் ஏழு மேட்ச் நடக்கும். எங்கள் தேர்ட்மேன் நிற்கும் இடத்தில்தான் பக்கத்து மேட்ச்சின் பௌலர் ஓட ஆரம்பிப்பான். நடுவில் ஒரு ஓரமாக ஃபுட்பால். வேறொருவர் பந்து நம் காலடியில் வந்தால் எடுத்துப் போட வேண்டும், பக்கத்து பௌலர் ஓடிவரும்போது குறுக்கே போகக் கூடாது, மண்டையில் அடிபட்டால் பத்து நிமிடம் தாராளமாகக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்ளலாம், அப்புறம் ஆட்டம் தொடர வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். அடிதடி வரைக்கும் போன நாட்கள் உண்டு. ஆனால் ஒரு டீம் இன்னொரு டீமைப் பற்றிப் போய் மைதானத்து வாட்ச்மேனிடம் சொன்னதாக என் நினைவில் ஒரு நாள்கூட இல்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. பந்து எங்கே விழுந்தாலும் சரி, கேட்டைப் பூட்டும் சாவி வைத்திருப்பவன் எதிர்ப்பக்கத்து ஆள், அவ்வளவுதான்.

அந்தத் தரையிலும் கிட்டத்தட்ட அப்படி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தோம். முதல் இரண்டு பெஞ்சு போர்டுக்கு, நான்காவது சைக்கிளுக்கு. மூன்றாவதில் யாரும் ஓட்டுவதில்லை, அது பெரியவர்கள் உட்கார. படிக்கட்டில் அரைமணி நாங்கள், அரைமணி அவர்கள். அப்படியே போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் இரண்டாவது பெஞ்சின் விளிம்பு ஒரு கை நீளத்துக்குப் பெயர்ந்து கிடந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மஞ்சள் சைக்கிளைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ண்ணா, நாங்க அந்தாண்ட பெஞ்சுலதாண்ணா ஓட்றோம். இத்த நாங்க தொடவே இல்ல" என்றான். நான் நம்பவில்லை. இரும்பு வேறு எதற்கு இருக்கிறது?

ஐந்து நிமிடம்

அடுத்த ஞாயிறு காலை ஏழேகால் இருக்கும். கட்டடத்தின் பொறுப்பாளர் வந்தார், பின்னால் இரண்டு செக்யூரிட்டி. நேராக இரண்டாவது பெஞ்சுக்குப் போய் உடைந்த இடத்தைப் போனில் படமெடுத்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். அங்கே அப்போது பத்துப் பேருக்கு மேல் இருந்தோம். அத்தனை பேரில் அவர் கண் என் மேல் வந்து நின்றது. தாடியில் நரை, காலில் ஷூ, தோளில் ஆபீஸ் பை மாதிரி ஒரு பை. நேராக என்னிடம் வந்தார்.

"சார், இதெல்லாம் யார் சார் உடைக்கிறது? உங்க பசங்களா?"

"போர்டு இல்ல சார், சைக்கிள்தான்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அலுமினியம், இரும்பு, மூன்று கிலோ, பதினொரு கிலோ என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். பெஞ்சு பக்கம் கூட்டிப்போய் போர்டைத் திருப்பி டிரக்கில் இருக்கும் தேய்மானத்தைக் காட்டினேன். ஆபீஸில் கஸ்டம்ஸ்காரர்களிடம் சரக்கை விடுவிக்கப் பேசும் அதே தொனி எனக்கே கேட்டது. மனுஷன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சைக்கிள் பையன்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏய், யாருடா" என்றுதான் அவர்கள் பக்கம் திரும்பினார்.

மஞ்சள் சைக்கிள் பத்தடி தள்ளி உட்கார்ந்து டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். நான் பேச ஆரம்பித்தபோது பம்ப் சத்தம் கேட்டது, அது நன்றாக நினைவிருக்கிறது. பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் நின்றதா, தொடர்ந்ததா என்பது மட்டும் நினைவில் இல்லை. இந்த எட்டு மாதத்தில் எத்தனையோ முறை அந்த ஐந்து நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் குரல்தான் கேட்கிறது.

மற்ற பையன்கள் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார்கள். காற்றில்லாத டயரோடு அவன் மாட்டிக்கொண்டான், அவனோடு நின்ற இன்னொருவனும். இரண்டு சைக்கிளையும் உள்ளே ஒரு அறையில் போட்டுப் பூட்டினார்கள். பெரியவர்கள் வந்து எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப்போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் கழித்துத்தான் கிடைத்தது என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். அந்த நான்கு நாளும் தம்பி நடந்து போனானா, பஸ்ஸில் போனானா என்று கேட்க வாய் வரவில்லை. எங்களிடம் பொறுப்பாளர், "நீங்க ஓட்டுங்க சார், பார்த்து ஓட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்களும் ஓட்டினோம். இதை எழுதத்தான் கை வரவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் முழுத் தரையும் எங்களுக்குத்தான். குறுக்கே யாரும் இல்லை, முதுகுப் பக்கம் பயம் இல்லை, நான்கு பெஞ்சும் காலி. நாலைந்து மாதமாக வராத ஒரு ட்ரிக் எனக்கு அன்றைக்கு வந்தது. கைதட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சும்மா அந்த வழியாகப் போனேன். ஒரு கொத்தனாரும் வெல்டிங் ஆளும் பெஞ்சுகளில் ட்ரில் போட்டு, யாரும் சறுக்க முடியாதபடி இரண்டடிக்கு ஒன்றாக ஸ்டீல் குமிழ்களை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு பெஞ்சிலும்தான், படியின் விளிம்பிலும்தான். குமிழுக்கு போர்டு எது சைக்கிள் எது என்று தெரியுமா? உடைந்த இரண்டாவது பெஞ்சில் அந்தக் கொத்தனார் கரணைக் கட்டையால் தட்டிக் காட்டினார். "அடியில கலவையே ஒழுங்கா போடல சார். பொக்கையா கெடக்குது பாருங்க. நாலு பேர் தடியா உக்காந்தாக்கூடப் பெயர்ந்துரும்." டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். மற்ற மூன்று பெஞ்சிலும் தட்டினார், கெட்டியான சத்தம்.

இதனால் சைக்கிள் உடைக்கவில்லை என்று ஆகிவிடாது. நான்காவது பெஞ்சின் ஓரமும் நுனி நுனியாகப் பெயர்ந்துதான் இருந்தது, அது பெக்கின் வேலை, சந்தேகமில்லை. நான் சொன்ன பௌதிகம் சரிதான். இரண்டாவது பெஞ்சைப் பற்றி அவன் சொன்னதும் சரியாக இருந்திருக்கலாம். இதைத்தான் என்னால் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்க முடியவில்லை. அவன் என்னிடம் சொன்னான், நான் நம்பவில்லை. நான் பொறுப்பாளரிடம் சொன்னேன், அவர் உடனே நம்பிவிட்டார். இரண்டுக்கும் நடுவில் சாட்சியம் என்று எதுவும் மாறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெக் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் பெக்கையே பிளாஸ்டிக்கில் செய்து விற்கிறார்கள். கல்லையும் அவ்வளவாகப் பெயர்க்காது, சறுக்கலும் நன்றாக இருக்கும். வீடியோக்களில் பல முறை பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டாலும் போர்வெல்லுக்குப் போடும் கெட்டியான கறுப்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டி இறுக்கி மாட்டினால் ஓரளவு வேலை நடக்கும். என் போர்டுக்கு 608 பேரிங் வாங்குவது பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் சந்தில்தான். உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் அடிக்கடி போவேன். அந்தக் கறுப்புக் குழாய் கடை வாசலிலேயே சுருள் சுருளாகக் கிடக்கும். ஆபீஸ் விட்டு வரும் வழி. ஒரு வருடமாக அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

குமிழ் போட்ட பிறகு எங்கள் கூட்டம் சிதறிவிட்டது. இரண்டு பேர் ஞாயிறு தோறும் கோவளம் போகிறார்கள், எனக்கு அவ்வளவு தூரம் முடியாது. ஒரு மேம்பாலத்துக்கு அடியில் சுமாரான ஒரு தரையைக் கண்டுபிடித்தோம். சொரசொரப்பு, தூசி, புறா எச்சம். பரவாயில்லை, மழைக்கும் ஓட்டலாம். போன மாதம் அங்கே ஓட்டிக்கொண்டிருந்தபோது மஞ்சள் சைக்கிள் வந்தான், கூட மூன்று பேர். பார்த்ததும் எனக்கு ஒரு விதத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பையில் நான்கு கறுப்புக் குழாய்த் துண்டுகள் மூன்று மாதமாகக் கிடந்தன, எங்கேயாவது பார்த்தால் கொடுக்கலாம் என்று அளவு பார்த்து வெட்டி வாங்கியவை. எடுக்கலாம் என்று பையைத் திறந்துகொண்டே அவன் சைக்கிளைப் பார்த்தேன். அச்சில் பெக் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, வெறும் நட்டு.

"டேய், எப்படிடா இருக்க? வாங்க, நீங்களும் ஓட்டுங்க, நாங்க இந்தப் பக்கம் தள்ளிக்கிறோம்" என்றேன்.

சைக்கிளிலிருந்து இறங்கித் தூணில் சாய்த்துவிட்டு நின்றான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை.

"பரவால்ல சார். நீங்க முடிங்க, நாங்க அப்புறம் ஓட்டிக்கிறோம்."

அன்றைக்கு அதன் பிறகு எனக்கு போர்டோடு எம்பிக் குதிக்கும் ஒரு ஓலிகூடச் சரியாக வரவில்லை. அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். குழாய்த் துண்டுகள் இன்னும் பையில்தான் கிடக்கின்றன, பேரிங் டப்பாவுக்குப் பக்கத்தில்.